காணாமற்போன நான்கு விரிவுரைகள்

அழகரின் கை மெல்லச் சட்டைக்குள் போவதை, அலுமாரி இடுக்கு வழியாகச் சிவரூபி பார்த்துவிட்டாள். ஆள் இன்றைக்குக் கையும் களவுமாக அகப்பட்டார் என்று மனம் துள்ளியது.

பதுளையில் அந்தச் சின்ன ஆவணக் காப்பகத்துக்கு அவள்தான் பொறுப்பு. மெய்யியல் பேராசிரியரான அப்பா அம்பலவாணர் போனபிறகு, வீட்டைக் காலிசெய்து, வேண்டாததைக் கழித்து, அவருடைய எழுத்துகளை இங்கே சேர்த்தவளும் அவளே. பெட்டிகளில் சிவப்பு மையால் கொட்டை கொட்டையாகப் பெயர் எழுதி ஒட்டியதும் அவள்தான்.

அப்பா புதுத்தாள் வாங்கிச் செலவழிக்கிற மனிதரல்ல. பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில்தான் விரிவுரைக் குறிப்புகளை எழுதுவார். சந்தேகத்தைப் பற்றிய அவருடைய பத்து விரிவுரைகளும் புத்தகமாக வரப்போகின்றன என்று நேற்றுப் பெட்டியைத் திறந்து எண்ணினால், நான்கைக் காணோம்!

நாளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பெட்டியை இதுவரை கேட்டு வாங்கிப் பார்த்த ஒரே ஆள், போன வாரம் வந்த இந்த அழகர்தான்; பக்கத்து ஊரான ஹாலிஎலவில் வடைக்கடை வைத்திருப்பவர். வடை சுடுகிறவருக்கு மெய்யியல் எதற்காம்? இன்றைக்கும் வயிற்றை அணைத்துப் பிடித்தபடிதான் உள்ளே வந்தார்.

"எடுங்கோ வெளியில!" என்று பாய்ந்துபோய் முன்னால் நின்றாள்.

அழகர் சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்தார். பொலித்தீன் பையில் சுற்றிய கட்டொன்று வெளியே வந்தது. நான்கு விரிவுரைகளும் அதற்குள் இருந்தன.

"களவெடுத்துப்போட்டு ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி இருந்தனீங்களோ? இப்பவே பொலிசுக்குச் சொல்லுறன்."

"எடுக்கலைங்கம்மா, வைக்கத்தான் வந்தேன். வடை சுத்த வாங்குன பழைய பேப்பரோட வந்துச்சுங்க. பொரட்டிப் பாத்தா ஐயா பேரு போட்டு எழுதியிருக்கு. ராவெல்லாம் வாசிச்சேன். கிழிக்க மனசு வரல."

"எந்த அறிவுகெட்டது இதை வித்தது? அப்பாவின்ர உயிர் இது! சொல்லுங்கோ, நான் சும்மா விடமாட்டன்."

"அத விடுங்கம்மா. கெடச்சிருச்சில்ல."

"சொல்லாட்டி நீங்கள்தான் கள்ளன்."

அழகர் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துக் கொடுத்தார். கட்டின் மேலே செருகியிருந்த தாளாம்.

'பழைய கேள்வித்தாள். தேவையில்லை.' சிவப்பு மையில், கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது.

சிவரூபி தாளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போன வாரம் பெட்டியப் பாத்தப்பவே ஒங்க எழுத்துன்னு தெரிஞ்சுபோச்சும்மா. அதான் ஒளிச்சுக் கொண்டாந்தேன்."