சாயங்காலச் சண்டை

“மிதியடியை யாரு திருப்பிப் போட்டது?” ஹாலே அதிரும்படி கத்தினாள் மாமியார்.

“நான்தான் அத்தை! அதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” மருமகளும் விடவில்லை.

சாயங்காலமானால் போதும், அந்த வீட்டில் கச்சேரி ஆரம்பித்துவிடும். நேற்று ஜன்னல் திரை. முந்தாநாள் சோப்பு டப்பா.

படுக்கையறைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே மருமகளின் கணவன் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொன்னதிலிருந்து அந்த அறைதான் அவன் உலகம். பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி சிரிக்கிற மனிதன், இப்போது கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதியோடு வெளியே வரும். தூக்கமும் போய்விட்டது.

அப்படிப்பட்டவனை வீட்டில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கூத்து.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “ஏற்கெனவே அந்தத் தம்பி நொந்து போயிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவரைப் பைத்தியமாக்கிடுவீங்க போலிருக்கே!”

“எங்க வீட்டு விஷயத்தை நாங்க பார்த்துக்கறோம்,” என்று முகத்திலடித்தாற்போல் சொன்ன மருமகள், சாத்திய கதவைப் பார்த்தாள். குரலை இன்னும் ஏற்றினாள். “நீங்க பிள்ளை வளர்த்த லட்சணம்தான் தெரியுதே!”

“என் வளர்ப்பைப் பத்தியா பேசற? இரு, இப்பவே பெட்டியைக் கட்டறேன்!”

கதவு படாரென்று திறந்தது. தாடியும் கசங்கிய சட்டையுமாக அவன் வந்து நின்றான்.

“ஒரு மிதியடிக்கா இவ்வளவு? மனுஷன் நிம்மதியா இருக்க வேண்டாமா? அம்மா, செருப்பைப் போடு. பார்க் வரைக்கும் நடந்துட்டு வரலாம். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் தனித்தனியா இருங்க.”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.

மருமகள் மிதியடியை நேராகப் போட்டாள். எரிந்த தொண்டைக்கு வெந்நீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது. எடுத்தால், மாமியாரின் கிசுகிசுப்பு.

“எப்படியாவது அவனை வெளியே கொண்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரே, நாம கெஞ்சினப்போ அசைஞ்சானா? நேத்து ஹாலோட திரும்பிட்டான். இன்னைக்குப் பார்க்ல, பந்து விளையாடற பசங்களோட பேசிட்டிருக்கான். இப்பத்தான் சிரிச்சாம்மா!”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “உங்க வளர்ப்பைச் சொல்லிட்டேன் அத்தை, மனசுல வெச்சுக்காதீங்க.”

“அட போம்மா, அதைச் சொல்லலேன்னா கதவு திறந்திருக்குமா? என் தொண்டைதான் கட்டிப் போச்சு. நாளைக்குச் சண்டையை நீ ஆரம்பி!”