பன்னிரண்டு நிமிடம்

"காலையிலேருந்து பார்க்கிறேன், யாருமே பேசாத மெஷினை எதுக்கு சார் திருகிக்கிட்டே இருக்கீங்க?"

ஏணியில் நின்றபடி ஏசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் கேட்டார்.

என்ஜினியர் திரும்பவில்லை. ஆளுயர டிரான்ஸ்மிட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினார். மெல்லிய சோதனை ஒலி எழுந்தது. மீட்டர் முள் பாதி தூரத்தில் தயங்கி நின்றது. குமிழை மயிரிழை அளவு நகர்த்தினார். முள் மேலே ஏறியது. ஒலியை நிறுத்திவிட்டு, நோட்டில் நேரத்தை எழுதினார்.

கடலுக்குப் போன படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை சொல்லும் ரேடியோ நிலையம் அது. சில நேரம் மாதக்கணக்கில் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது.

"பேச்சு போனா மெஷின் தானாவே தன்னைச் சரி பண்ணிக்கும் தம்பி. ஒண்ணுமே போகலைன்னா, எதை வெச்சு சரி பண்ணும்? வெயில், உப்புக் காத்து, எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ட்யூனிங்கை நகர்த்திடும். ரொம்ப நகர்ந்துட்டா, அப்புறம் பேசினாலும் தானா திரும்பாது. அதான் சும்மா இருக்கிறப்பவும் ஒரு சத்தத்தைக் கொடுத்துப் பார்க்கணும்."

போன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தத் தடவையாவது வரீங்களா? பையனுக்கு அஞ்சு வயசு ஆகப்போகுது. தாத்தான்னா போனுக்குள்ள இருக்கிற ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

"பார்க்கிறேம்மா."

"என் கல்யாணத்துக்கே தாலி கட்டுற நேரத்துக்கு வந்துட்டு, சாப்பிடாம ஓடினவர் நீங்க. அம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாங்க."

"லீவு கிடைக்கலைம்மா."

"பொய் சொல்லாதீங்கப்பா." மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மெக்கானிக் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். "லீவு கொடுக்க மாட்டாங்களா சார்?"

"கொடுப்பாங்க. நான்தான் கேட்கலை. பதினோரு வருஷமா."

"ஷிஃப்டுல வேற ஆளுங்க இருக்காங்களே, பார்த்துக்க மாட்டாங்களா?"

"பார்த்துக்குவாங்க." என்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வீட்டில் யாரிடமும் சொல்லாததை, மறுபடி பார்க்கப் போகாத ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது போலும். அவரே தொடர்ந்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, அப்ப இங்கே நான் ஒருத்தன்தான், மூணு நாள் இதைத் தொடவே இல்லை. நல்ல வானிலை. மகளுக்குப் பரீட்சை, இங்கே உட்கார்ந்து அவளுக்குக் கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். நோட்டுல மட்டும் 'சரி', 'சரி', 'சரி'ன்னு எழுதி வெச்சேன். மூணாம் நாள் சாயங்காலம் புயல் திடீர்னு திசை மாறிடுச்சு. மைக்கைப் பிடிச்சுக் கத்துறேன், முள் அடிமட்டத்துலயே கிடக்கு. பத்துல ஒரு பங்கு பவர்கூட வெளியே போகலை. எல்லாத்தையும் சரிபண்ணி முழு பவர்ல திரும்பச் சொல்றதுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு."

மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"மத்த படகெல்லாம் வந்துடுச்சு. ஒரு படகு மட்டும் மாட்டிக்கிச்சு. போன அஞ்சு பேர்ல நாலு பேர் திரும்பலை. விசாரணைக்கு வந்தவங்க நோட்டைப் பார்த்தாங்க. 'சரி'ன்னு இருந்தது. எனக்குக் கைகொடுத்துட்டுப் போனாங்க, தம்பி. கைகொடுத்துட்டு! அந்தப் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி கேட்டிருந்தா நாலு பேரும் வீட்டுக்கு வந்திருப்பாங்க."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா சார்?"

"எந்த வாயால சொல்றது? அந்த நாலு வீட்டுத் தெரு வழியா நான் இன்னைக்கு வரைக்கும் போனதில்லை. மார்க்கெட்டுக்குச் சுத்திக்கிட்டுத்தான் போறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரனைத் தூக்கணும்னு ஆசை இல்லாமலா? நான் ஊர்ல இல்லாதப்ப இந்த முள் இறங்கிடுச்சுன்னா?"

மெக்கானிக் மெல்ல இறங்கினார். ஏசி ஓடத் தொடங்கியிருந்தது. பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர், கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"நான் ஏசி வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகுது சார். இந்த நிலையத்துல வேலைன்னா வேற ஆளைத்தான் அனுப்புவேன். இன்னைக்கு யாரும் கிடைக்கலை."

"ஏன், இங்கே என்ன?"

"மகளைப் பார்க்கப் போயிட்டு வாங்க சார். நீங்க முதல்ல சொன்னதே அந்தப் படகுல கேட்டுச்சு. மெலிசாத்தான் கேட்டுச்சு, ஆனா ஒரு வார்த்தைகூட விடாம கேட்டுச்சு."

என்ஜினியர் எழுந்துவிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணன் அப்பவே படகைத் திருப்பலாம்னார் சார். 'மீன் இப்பத்தான் நல்லாப் படுது, இன்னும் ஒரே ஒரு வலை'ன்னு சொல்லி, ரேடியோவை அணைச்சது நான்தான்."