வீட்டுக்காரரின் நல்ல வார்த்தை

சமையலறை மேஜையில் அந்த மனிதர் ஒரு டீ பேகுக்குப் பிரேதப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார். ஈரத் தூளை ஒரு குப்பைத்தொட்டியில் போட்டார், காகிதச் சீட்டை இன்னொன்றில், நூலை மூன்றாவதில். கடைசியாகக் கையில் மிஞ்சிய பொடி ஸ்டேப்ளர் கம்பியோடு மில்டாவை ஏறிட்டுப் பார்த்தார்.

ஜெர்மன் முறைப்படி குப்பையைப் பிரிக்கத் தெரியுமா என்று வைக்கிற பரீட்சைதான் இது, சந்தேகமே இல்லை. மில்டா உலோகத்துக்கான மஞ்சள் தொட்டியைக் காட்டினாள்.

"சரி... மேடம்... மிகவும்... சரி," என்று சொல்லிவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். எப்போதுமே அப்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் பேசுவார். புதிதாக ஜெர்மன் படிக்க வந்தவளுக்குப் புரியவேண்டுமே என்கிற பெருந்தன்மை என்று மில்டா நெகிழ்ந்துபோயிருந்தாள்.

லிதுவேனியாவில் அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். கோடைக்கால ஜெர்மன் வகுப்பை முடித்தால் இங்கே ஃப்ரைபுர்க்கிலேயே வேலை தயார். ஆனால் வகுப்பு நடக்கும்வரை ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கவேண்டும், முதல் வாரம் முடிந்ததும் அந்த வீட்டார் பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

வந்து இறங்கிய அன்றே வீட்டுக்காரம்மா ரோஸ்விதா போனில் பதறினாள். "மகளுக்கு வலி கண்டிருச்சும்மா, நான் ஹாம்பர்க் ரயில்ல இருக்கேன். ஆறு மணிக்குப் பெல்லை அடி, உள்ள ஆள் இருக்கு, திறந்துவிடுவாரு!"

ஜெர்மன்காரர்களுக்கு நேரம்தான் உயிர் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதனால் பெட்டியோடு தெருமுனையிலேயே நின்று, மாதாகோயிலில் ஆறு மணி அடித்த பிறகே பெல்லை அழுத்தினாள். வீட்டுச் செருப்பும் இடுப்பில் ஏப்ரனுமாகத் துடைப்பத்தோடு கதவைத் திறந்தவர், அவளைக் கண்டதும் பதறிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு புருஷன் அமைய ரோஸ்விதா கொடுத்துவைத்தவள்தான் என்று நினைத்துக்கொண்டாள் மில்டா.

"தங்குற வீட்டுல யார்கிட்டயும் சொந்தக் கதை கேட்டுராதீங்க," என்று வகுப்பில் டீச்சர் முதல் நாளே எச்சரித்திருந்தார். "என்ன வேலை, எத்தனை புள்ளைங்க, எதுவும் வேணாம். மூக்கை நுழைக்கிறாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

மில்டா வாயே திறக்கவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம், அவள் காலை வகுப்பு முடிந்து திரும்பும் நேரத்தில், தோல்பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், இருட்டுவதற்குள் வந்துவிடுவார்.

ராத்திரிச் சாப்பாடு தினமும் காய்ந்த ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரிக்காய். ஒரு கரண்டி சூடான சூப்புக்கு மில்டாவின் வயிறு கெஞ்சியது. ஆனால் ராத்திரியில் ஆறிய சாப்பாடே பழக்கமான ஜெர்மன்காரர் வீட்டில் அடுப்பு மூட்டினால் என்ன நினைப்பார்களோ!

ஒருநாள் அவர் உப்பைத் தேடி நாலு அலமாரியைத் திறந்து பார்த்தார். எந்த ஊர் ஆம்பளைக்குத்தான் தன் வீட்டு உப்பு ஜாடி இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது? மில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐந்தாவது அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஜன்னல் விவகாரம்தான் பெரிய கொடுமை. ஜெர்மன்காரர்களுக்கு வீட்டுக்குள் காற்று வரவேண்டும் என்று படித்திருந்ததால், முதல் நாளே அவள் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டைத் திறந்தார். ஆகஸ்ட் மாத மழைச்சாரல் முகத்தில் அடிக்க, அவர் கோட்டும் இவள் சால்வையுமாக உட்கார்ந்து இரண்டு பேரும் புன்னகை மாறாமல் ரொட்டி மென்றார்கள்.

"நல்ல காற்று," என்பார் அவர், பல் கிட்டிக்க.

"ரொம்ப நல்ல காற்று," என்பாள் இவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஊரே அமைதியாக இருக்கவேண்டிய நாள். அன்றைக்கு இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி நுனிக்காலில் நடந்தார்கள். மாடிப்படியில் எதிரெதிரே வந்தபோது ஒருவருக்கொருவர் தலைவணங்கியதோடு சரி.

எப்படியோ வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். சாப்பாட்டு மேஜையில் மில்டா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். ஊரில் வேலை இல்லை, இதுவும் போனால் நடுத்தெருதான்.

அவருக்கும் என்னவோ போலிருந்தது. ஒரே வெள்ளரிக்காயைப் பத்துத் துண்டாக நறுக்கிவிட்டு மேலும் நறுக்கப் பார்த்தார்.

"மேடம்... உங்ககிட்ட... ஒண்ணு... கேக்கணும்," என்றார் ஒருவழியாக.

"நானும் ஒண்ணு கேக்கணும் சார்."

"அப்ப... நீங்களே... முதல்ல... கேளுங்க மேடம்."

மில்டா கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் படித்த ஜெர்மனையெல்லாம் திரட்டி மூச்சு விடாமல் கொட்டினாள். "சார், இந்த ஒரு வாரமா உங்க வீட்டுல நான் எந்தத் தப்பும் பண்ணலை. குப்பையைச் சரியாப் பிரிச்சேன், சத்தம் போடலை. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேக்கறப்போ, வீட்டுக்காரரா என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லிருங்க சார். என் பொழைப்பே அதுலதான் இருக்கு."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

அவர் முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது.

"அதையேதானே... நான்... உங்ககிட்ட கேக்க வந்தேன்! மதிய வகுப்புல... சேர்ந்த அன்னிக்கே... சாவியைக் கொடுத்து, ஆறு மணிக்கு வீட்டுக்காரம்மா வருவாங்கன்னு... சொன்னாங்களே! அப்போ... நீங்க வீட்டுக்காரம்மா இல்லையா?"