நனைந்த பிரேக்

தென்னேரி ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலைமேல் முழங்காலளவு ஓடுகிறது. அதைக் கடந்து மேடேறியதுமே டிரைவர் பூவராகவனுக்குத் தெரிந்துவிடுகிறது, அம்பாசடர் காரின் பிரேக் நனைந்துவிட்டது. மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. பின்சீட்டில் ஜெயம்மாள்; அவள் மடியில் பாம்பு கடித்த மகள் பெரியநாயகி. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒன்பது மைல் இருக்கிறது. “ஏம்பா ஊர்ந்துக்கினு போற? கொழந்தைக்குக் கண்ணு சொருவுது, வேகமா போப்பா!” “பிரேக் நனைஞ்சிருக்குதும்மா. அது காயாம வேகமா போனா, வண்டி நிக்காது.” அவள் அவன் முதுகில் மாறி மாறிக் குத்துகிறாள். அவன் திரும்பவில்லை. வலது கால் ஆக்ஸிலேட்டரிலும் இடது கால் பிரேக்கிலுமாக, உரசும் சூட்டிலாவது ஈரம் காயட்டும் என்று நடை வேகத்தில் ஓட்டுகிறான். எஞ்சின் முக்குகிறது. கண்ணாடியில் மழை சாட்டையாய் அடிக்கிறது. குழந்தையின் மூச்சு ஒவ்வொன்றும் அவன் பிடரியில் கேட்கிறது.

வளைவில், அச்சு முறிந்த மாட்டுவண்டியொன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வண்டிக்காரர் குனிந்து சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். பூவராகவன் இரண்டு காலாலும் பிரேக்கை மிதிக்கிறான். கார் கிறீச்சிட்டு, அவருக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. கருகல் வாடை வீசுகிறது. குத்திக்கொண்டிருந்த கை இப்போது அவன் சட்டையை இறுகப் பற்றியிருக்கிறது. “பிரேக் புடிச்சிருச்சும்மா,” என்கிறான். “அம்மா… தண்ணி,” என்று பின்னால் ஒரு முனகல். மாட்டுவண்டியை ஒதுங்கிக் கடந்ததும் வலது காலால் ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்துகிறான்.