வெயிலுக்கு எதிர்ப்பக்கம்

மகளைப் பெண் பார்க்க மாலையில் வருகிறார்கள். பெண்ணின் அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்று தெய்வானை சொல்லிவைத்திருந்தாள். ஓடிப்போன கணவன் அதற்குள் குடும்பப் படத்தில் நின்றாக வேண்டும். பழைய படத்திலிருந்து வெட்டியெடுத்த அவனை, ஸ்டுடியோக்காரன் அருளப்பன் கணினியில் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

“மிதக்கிற மாதிரி இருக்கே தம்பி.”

“நிழல் போட்டா நின்னுடுவாருக்கா.”

கணவனின் காலடியில் கருப்பு நிறத்தைத் தடவி, வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தான். நிழல் நீண்டு, படத்திலிருந்த அவள் தோளில் ஏறியது.

“என் மேல விழாம போடேன்.”

“எல்லார் நிழலும் இந்தப் பக்கம்தான்க்கா விழுது. இவரோடது மட்டும் மாறினா வர்றவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

 “சரி, போடு” என்றாள் அவள்.

அருளப்பன் அந்த நிழலை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினான். பின்னால் நாற்காலி உரசி நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினான். தெய்வானை சுவரோரம் ஒடுங்கி, படத்தில் நிழல் ஏறிய அந்தத் தோளை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.