மாவா, தீவனமா?

“மாடு கீதுன்னு சொல்லு, அவ்ளோதான். வேற எதுக்கும் நீ வாயத் தொறக்காத” என்றான் கருணாகரன்.

“எனுக்கேது நைனா மாடு? எங்க குப்பத்துல ஒரு கோழி வெச்சிக்கவே எடம் இல்ல” என்றாள் பச்சையம்மா.

“இல்லாங்காட்டி இன்னா? அந்த மேடம் உன் வூட்டாண்ட வந்து பாலா கறக்கப் போவுது?”

திருவொற்றியூரைத் தாண்டி இருக்கிற கண்டெய்னர் யார்டில் பெருக்குகிற வேலை பச்சையம்மாவுக்கு. மூட்டை ஓட்டையில் சிந்திய சோள மாவை அரைப்படி போல முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பியவளை கேட்டில் பிடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் பிடித்திருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். பிடித்தது கஸ்டம்ஸ் அதிகாரி ரேச்சல்.

கப்பலில் வந்த அந்தச் சோளச் சரக்கின் மேல் ரேச்சலுக்கு ஏற்கெனவே ஒரு கண். காகிதத்தில் ‘மாட்டுத் தீவனம்’ என்று எழுதியிருந்தது. மாவு என்றால் வரி கூட, தீவனம் என்றால் குறைச்சல். கம்பெனிக்காரனுக்காகச் சரக்கை வெளியே எடுத்துத் தர அலைகிற ஏஜெண்டு இந்தக் கருணாகரன்.

“துன்றோம்னு மட்டும் சொன்னீன்னு வெச்சுக்கோ, எஞ்சரக்கும் மாட்டும், திருட்டுன்னு உன் வேலையும் பூடும். உம்பொண்ணு அம்முவுக்குக் காமாலைன்னு ஏற்கெனவே லீவு மேல லீவு போட்டுகினு கீற. மேஸ்திரி எப்படா சாக்குன்னு காத்துகினு கீறான். யோசிச்சுக்கோ.”

யோசிக்க என்ன இருக்கிறது? மீன்பிடித் தடைக்காலம். புருஷன் ராசையா கரையில் உட்கார்ந்து ஒரு மாசம் ஆகிறது. அடுப்பு எரிவது இவள் துடைப்பத்தால்தான்.

ரேச்சலின் மேசையில், முந்தானை மாவு ஒரு காகிதத்தின் மேல் குவிந்திருந்தது.

“பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுல இதை என்ன பண்றீங்க?”

“மாட்டுக்கு மேடம். தண்ணில கரைச்சு வெப்பேன்.”

“நிஜமா? யாரும் சாப்பிடறதில்லையே? மனுஷங்க சாப்பிடற மாவுன்னா சொல்லிடுங்க. சாப்பாட்டு லேபுக்கு இன்னிக்கே அனுப்பிடுவேன், ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துடும். தீவனம்னா தீவன லேபுக்குப் போகும், ரிசல்ட் வர்றப்ப வரட்டும்.”

பச்சையம்மா வீட்டில் ஒரு மாசமாக அந்த மாவில்தான் கூழ். கிடைக்கிற அரைப்படியில் தானும் தொடமாட்டாள், ராசையாவையும் தொடவிடமாட்டாள். அத்தனையும் அம்முவுக்கு. வெல்லம் தட்டிப் போட்டுக் கிண்டினால் ஏழு வயசுப் பெண் கிண்ணத்தை வழித்து நக்கும். காமாலை கண்ட பிறகு சோறு இறங்கவில்லை. கீழாநெல்லிச் சாறும் இந்தக் கூழும்தான் இறங்குகிறது.

சாப்பிடுகிற மாவு இல்லையாமே! இவர்களுக்கு என்ன தெரியும்? அடுத்த ஷெட்டில் கோதுமையைப் புறா மொய்த்துக்கொண்டு பெருக்கவே விடாது. இந்த மூட்டைகள் பக்கம் இதுவரை ஒரு புறா எட்டிப் பார்த்ததில்லை. ‘எம்பொண்ணு பங்குக்கு அந்த அங்காளம்மாதான் காவல் நிக்கிறா’ என்று தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அவள் அள்ளுவாள்.

“மாட்டுக்குத்தான் மேடம்.”

“நான் தலைபாடா அடிச்சிக்கினேனே மேடம், தீவனம்னு” என்று கருணாகரன் இடையில் நுழைந்தான்.

ரேச்சல் அவன் பக்கம் திரும்பவே இல்லை. “மாட்டுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?”

அதை அவன் சொல்லித் தரவில்லை. பச்சையம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது ஒரே ஒரு பேர்தான்.

“அம்மு.”

ரேச்சலின் முகம் இளகிவிட்டது. மாவைக் காகிதத்தோடு மடித்து அவளே நீட்டினாள். “கீழ சிந்தினதுதானே, எடுத்துட்டுப் போங்க. அம்முவுக்கு வைங்க.”

படி இறங்கும்போது கருணாகரன் சிரித்து மாளவில்லை. “பலே ஆளுமே நீ! பெத்த பொண்ணையே மாடாக்கிட்டியே. இனிமே தெகிரியமா அள்ளிக்கினு போ. எவன் கேப்பான் உன்ன?”

யாரும் கேட்கவில்லை. தீவன லேபிலிருந்து ரிப்போர்ட் வரப் பதினாறு நாள் ஆயிற்று. பதினாறு நாளும் முந்தானை நிறைய மாவு போயிற்று. அம்முவின் கண்ணில் மட்டும் மஞ்சள் இறங்கவில்லை. நேற்றிலிருந்து கூழும் வேண்டாம் என்கிறாள்.

பதினேழாம் நாள் காலையில் பச்சையம்மா வேலைக்கு வந்தபோது, மூக்கைக் கட்டிக்கொண்டு நாலு பேர் அந்த மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். கருணாகரனைக் காணோம். ரேச்சல் கையில் ஒரு காகிதத்தோடு ஷெட் ஷெட்டாக அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

“பச்சையம்மா, அந்த மாவைத் தொடாதீங்க! வீட்டுல மிச்சம் இருந்தாலும் கொட்டிடுங்க. அத்தனையும் பூஞ்சை விஷமாம். கொதிக்க வச்சாலும் போகாதாம். மாட்டுக்கே ஆகாதுன்னு எழுதியிருக்காங்க. நேரா கல்லீரலைத்தான் பிடிக்குமாம்.”

ரேச்சல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மு எப்படி இருக்கா?”