ஐந்தாம் மாடிக்கு இரண்டு மொஹிங்கா

"ரெண்டு பேருக்கு வாங்குறீங்கன்னா அப்ப..."

"ஒருத்திதான் இருக்கேன்னு எத்தனை தரம்..."

"என்னைப் பேச விடுங்க, சயாமா. ரூம் ஒரு ஆளுக்குத்தான். எனக்குத் தெரியாம இன்னொருத்தரை வச்சிருந்தா நாளைக்கே காலி பண்ணிடுங்க."

சுகந்தி தூத்துக்குடியிலிருந்து யாங்கூனுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் சயாமாவாக, அதாவது டீச்சராக, வந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு இடம் தெரியாது. வீட்டுக்காரி தைலம்மாள் மாடிப்படியை மறித்து நின்றாள்.

"அக்கா, காலையில பால்கனியிலேர்ந்து கயித்தை இறக்குறேன். மொஹிங்காக்காரம்மா ஒண்ணுக்கு ரெண்டு பொட்டலம் மாட்டி விடுறாங்க. ஒண்ணை மேசையில வச்சிட்டு ஸ்கூலுக்குப் போறேன். வந்து பாத்தா கிண்ணம் கழுவிக் கவுத்திருக்கு. இன்னொரு சாவி உங்ககிட்டதானே? நீங்கதான் வந்து சாப்பிடுறீங்கன்னு பேசாம இருந்தேன்."

"நானா? இந்த முட்டியை வச்சிக்கிட்டு அஞ்சு மாடி ஏறியா?"

தைலம்மாள் வாசலில் கடை போட்டிருந்த மொஹிங்காக்காரியிடம் பர்மிய மொழியில் கேட்டாள். அவள் மொஹிங்காவின் மீன் குழம்பில் போட நூடுல்ஸைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க, அக்கா?"

"நீங்க ஒரு விரல் காட்டுவீங்களாம். பால்கனியில உங்க பக்கத்துல நிக்கிறவங்களும் ஒரு விரல் காட்டுவாங்களாம்."

தைலம்மாள் படியை விட்டு விலகிக்கொண்டாள். காலி பண்ணும் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

மறுநாள் காலையிலும் கயிற்றில் இரண்டு பொட்டலங்கள் வந்தன. சுகந்தி இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்து, எலுமிச்சை பிழிந்துவிட்டாள். பிறகு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"நான் இங்கேயே இருந்துக்கட்டுமா?"